ஆபரேஷன் பிரசவமும் முப்பது நாள் பத்தியமும்

என் சின்ன நாத்தனாருக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்தபடியே இருக்கிறதாம். 39ஆவது வாரம் ஆபரேஷன். எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தில். அவள் புருஷன் வீடு தோட்டத்துக்குள்ளே, நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட் டவுனில். இரவானால் வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும். "அண்ணி, தாலியக் கழட்டச் சொல்வாங்களா?" "அண்ணி, முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகு வலிக்குமாமே?" "அண்ணி, எத்தனை நாள் கழிச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்தலாம்?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. சரி, ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, மிஸ்ஸியும் (நர்ஸ்) இல்லை. எஸ்டேட் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. இரண்டு முறை ஆபரேஷனில் பிள்ளை பெற்றவள். 2019இல் மூத்தவன், அவசரமாகக் கொண்டுபோனது. 2023இல் சின்னவள், நாள் குறித்துப் போனது. முதல் தடவை நான் பட்ட பாட்டுக்கும் இரண்டாம் தடவைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரணம் ஆஸ்பத்திரி இல்லை, வீடு. எங்கள் அத்தை எட்டுப் பிள்ளை பெற்றவர், எட்டும் லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில். அவர் அறிந்த பத்தியம் முழுக்கச் சுகப்பிரசவத்துக்கு ஏற்பட்டது. வயிற்றில் தையலோடு வருகிறவளுக்கு அதில் பாதி அமிர்தம், பாதி ஆகாது. நாத்தனாரும் பத்தியத்துக்கு அதே அத்தை கையில்தான் வந்து விழப் போகிறாள். அதனால் எந்தப் பாதி எது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கிளினிக்கில் தருகிற பிங்க் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைப் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைக்காதீர்கள். எங்கே போனாலும் கைப்பையில் இருக்கட்டும். ரத்த குரூப், ரத்த அளவு, ஸ்கேன், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) சோதனை எல்லாம் அதில்தான். எனக்கு இரண்டு தடவையும் இனிப்புநீர் வந்தது. வெறும் வயிற்றோடு போய், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கிற சோதனை அது. குடித்ததும் வாந்தி வருவது போல இருக்கும், ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் குழந்தை பெருக்கும், பிறகு தையல் ஆறவும் இழுக்கும். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைத் தே தாரிக்கோடு விழுங்கக் கூடாது. தேத்தண்ணீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, ஆரஞ்சுச் சாறு மாதிரி புளிப்பாக ஏதாவதோடு எடுங்கள். ஆபரேஷனில் ரத்தம் போகத்தான் செய்யும். போகிற ரத்தத்துக்கு முன்கூட்டியே சேர்த்து வைக்கிற கணக்கு இது.

எதற்காக ஆபரேஷன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை தலைகீழாக இல்லை, நஞ்சுக்கொடி வாசலை மறைத்துக்கொண்டு கிடக்கிறது, ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று காரணம் பல. எனக்கு முதல் தடவை அந்தக் கடைசிக் காரணம். அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை, வீட்டுக்கு வரும்போது கொடுத்த காகிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த பிரசவத்தில் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

நகை விஷயத்துக்கு வருவோம். ஆபரேஷன் அறையில் ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி வைத்திருப்பார்கள். உலோகம் உடம்பில் இருந்தால் அந்த இடம் சுடக்கூடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள். தாலியை நான் முதல் நாளே சாமி படத்துக்கு முன்னால் கழற்றி அத்தை கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்டு போனேன். அதைப் பார்த்த மலாய்க்கார மிஸ்ஸி ஒன்றும் சொல்லவில்லை, கழுத்தோடு சேர்த்து பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். வளைகாப்பு வளையலும் கழன்றாக வேண்டும். மெட்டிதான் வில்லங்கம். கடைசி மாதம் கால் வீங்கி, முதல் தடவை என் மெட்டி சதைக்குள் புதைந்துபோய், சோப்புத் தண்ணீரும் நூலும் வைத்து என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் போராடினார். எட்டாம் மாதம் முடிவதற்குள் கழற்றி வைத்துவிடுங்கள். மூக்குத்தி, நகச் சாயம் இரண்டும் வேண்டாம். விரலில் மாட்டி உயிர்க்காற்றின் அளவு பார்க்கிற கருவிக்கு நகம் வெறுமையாக இருக்க வேண்டும். வீட்டில் பிளேடு வைத்து நீங்களே மழித்துக்கொள்ளவும் வேண்டாம். கீறல் விழுந்தால் அதில் கிருமி புகும். தேவையென்றால் அங்கே செய்துகொள்வார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களை ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான் அனுப்புவார்கள். முதல் நாளே வார்டில் படுக்கை. ரத்தம் எடுத்து, ஏற்றுவதற்குத் தோதான ரத்தம் பார்த்து வைப்பார்கள். சாப்பாடு குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள். பசிக்கிறதே என்று போர்வைக்குள் ஒரு பிஸ்கட் தின்பது ஆபத்து, வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். வயிற்றுப் புளிப்பு அடங்க மருந்து கொடுப்பார்கள். மலாயில் ஒரு பாரம் (படிவம்) நீட்டுவார்கள். கையெழுத்து உங்களுடையது, புருஷனுடையது அல்ல. ரத்தம் ஏற்றலாம், ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். பயமுறுத்த எழுதியது இல்லை, ஆனாலும் படித்து, புரியாததைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கட்டிவிடவா என்றும் சில பேரிடம் கேட்பார்கள். அதை வீட்டில் நிதானமாக இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள், தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு முடிவெடுக்கிற காரியமா அது?

ஆபரேஷன் அறை குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, "மாச்சாம் ஊடாங், காக்" என்றார் மிஸ்ஸி. இறால் மாதிரி சுருண்டுகொள் அக்கா என்று அர்த்தம். ஒன்பது மாத வயிற்றை வைத்துக்கொண்டு இறாலாவது! தலையணையைக் கட்டிப்பிடித்து, மோவாயை நெஞ்சில் வைத்து, முதுகைப் பின்னால் தள்ளினால் எலும்புக்கு நடுவில் இடைவெளி கிடைக்கும், ஊசி சட்டென்று போய்விடும். முதலில் தோல் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, அது எறும்புக் கடி. அடுத்தது அழுத்தம்தான், வலி இல்லை. அசையாமல் இருப்பது மட்டும் உங்கள் வேலை. வலி வந்து கொண்டிருந்தால் சொல்லுங்கள், அது அடங்கும் வரை காத்திருப்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கால் சூடாகி, கனத்து, உங்கள் கால் உங்களுடையதாக இருக்காது. பனிக்கட்டியையோ குளிர்ந்த மருந்தையோ வைத்து, சில்லென்று தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் தெரிகிறது என்று சொல்லிவிட வேண்டும். மரியாதைக்குத் தலையாட்டுகிற இடமில்லை அது.

வலி தெரியாது, இழுப்பது தெரியும். சட்டியில் மாவு பிசையும்போது சட்டி எப்படி ஆடும், அந்தச் சட்டி நாம். நெஞ்சுக்கு நேரே துணி கட்டி மறைத்திருப்பார்கள், ஒன்றும் பார்க்க முடியாது. ரத்த அழுத்தம் இறங்கி மயக்கமோ குமட்டலோ வந்தால் உடனே சொல்லுங்கள், மருந்து ஏற்றுவார்கள். பல் கடகடவென்று அடித்துக்கொள்ளும், அது பயம் இல்லை, ஊசியின் வேலை. கத்தி வைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குழந்தை வெளியே. அதற்கப்புறம் தைப்பதற்குத்தான் அரை மணி, முக்கால் மணி. வெட்டு அடிவயிற்றில், மயிர்க்கோட்டை ஒட்டி, குறுக்கே, ஒரு சாணுக்கும் குறைவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் புருஷனைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும்.

நாத்தனாரின் முதுகுக் கேள்விக்குப் பதில்: ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் முதுகு வலிப்பதற்குக் குனிந்து பால் கொடுப்பதும் பிள்ளையைத் தூக்குவதும்தான் காரணம், ஊசி இல்லை. ஆனால் ஒன்று. உட்கார்ந்தால், நின்றால் தலை பிளந்து, படுத்தால் விட்டுவிடுகிற தலைவலி சில பேருக்கு இரண்டொரு நாளில் வரும். அது ஊசியால் வருவது, வைத்தியம் உண்டு. தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூத்தவனுக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை. முழு மயக்கம் கொடுத்தார்கள். கண் விழித்தபோது தொண்டை ரணம், வயிற்றில் நெருப்பு, பிள்ளை பக்கத்தில் இல்லை. என்னைவிட முன்னால் அவன் முகத்தைப் பார்த்தது அவன் அப்பா. "வலிக்காம பெத்துட்ட" என்று பார்க்க வந்த ஒரு அம்மா சொன்னார். வயிற்றின் ஏழு அடுக்கையும் அறுத்துத் தைத்தவளைப் பார்த்து! சரி, விடுங்கள்.

அன்று வார்டில் கால் திரும்ப மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சிறுநீருக்குக் குழாய் இருக்கும், பெரும்பாலும் மறுநாள் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தானாகப் போக வேண்டும், போகவில்லை என்றால் சொல்லுங்கள். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காலில் ரத்தம் உறைகிற அபாயம் அதிகம், ஆபரேஷன் ஆனவளுக்கு அதைவிட அதிகம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதுவார்கள். இரண்டாவது தடவை எனக்குப் பத்து நாள், வீட்டில் நானே தொடையில் போட்டுக்கொண்டேன். நீலம் பாய்ந்து பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போடாமல் மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்துக் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

எழுந்து நடப்பதுதான் பெரிய மருந்து. எப்படி எழுவது என்று யாராவது முதல் தடவையே எனக்குச் சொல்லியிருக்கலாம். மல்லாந்து கிடந்தபடி தலையைத் தூக்கி எழ முயன்றால் தையல் பிய்ந்துபோகிற மாதிரி உயிர் போகும். முதலில் முழங்கால் இரண்டையும் மடக்குங்கள். அப்படியே மரக்கட்டை உருளுகிற மாதிரி தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் புரளுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். கால் கனம் கீழே இழுக்கும்போது முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளினால் உடம்பு தானாக எழுந்துவிடும். எழுந்ததும் நிற்காதீர்கள், இரண்டு நிமிடம் உட்கார்ந்து தலைச்சுற்றல் போகட்டும். முதல் தடவை நிற்கும்போது மிஸ்ஸியோ வேறு யாரோ பக்கத்தில் இருக்க வேண்டும். நின்றதும் தொடை வழியே ரத்தம் இறங்கும், படுத்திருந்தபோது தேங்கியது அது, அலற வேண்டாம். கூனிக்கொண்டு நடக்கத்தான் தோன்றும், மெல்ல நிமிருங்கள். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொள்ளுங்கள். எங்கள் வார்டில் எதிர்க் கட்டில் அக்கா ஒருவர் ஓயாமல் நகைச்சுவை சொல்லிக் கொன்றார்.

"டா கெந்தூட் பெலும்?" என்று காலையில் டாக்டர், மிஸ்ஸி, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வரை அத்தனை பேரும் கேட்பார்கள். காற்றுப் பிரிந்ததா என்பதுதான் கேள்வி. வெட்கப்படாதீர்கள். குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். பிரியாத காற்று வயிற்றை உப்ப வைத்துத் தோள்பட்டை வரை குத்தும், தையலைவிட அது மோசம். நடந்தால் பிரியும். மறுநாள் பசியாற ரொட்டியும் மைலோவும் வந்தபோது அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை போலிருந்தது.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாதீர்கள், நேரத்துக்குப் போடுங்கள். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணிக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. அதோடு இன்னொரு வலி மாத்திரையும் கொடுப்பார்கள், அது சாப்பாட்டுக்குப் பிறகு. பால் கொடுக்கிறவளுக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், பிள்ளைக்கு ஆகாது என்று வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் நடக்க மாட்டீர்கள், நடக்காவிட்டால் எல்லாமே தள்ளிப்போகும்.

பால் மூன்றாம் நான்காம் நாள்தான் நன்றாக இறங்கும். அதுவரை வருகிற மஞ்சள் சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தாலும் பிள்ளைக்குப் போதும். வயிற்றின் மேல் பிள்ளையைக் கிடத்தினால் தையலில் உதைப்பான். அக்குளுக்கடியில் பந்தைச் சொருகுவது போல உடம்பைப் பக்கவாட்டில் வைத்துக் கொடுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள். எனக்கு இனிப்புநீர் என்பதால் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் சொன்னது அதற்காகத்தான். சேனை வைக்கிறேன் என்று யாராவது தேனை எடுத்துக்கொண்டு வந்தால் விடாதீர்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதில் உள்ள கிருமி பச்சைப் பிள்ளையை முடக்கிவிடும். அத்தை மனம் நோகாமல் இருக்க, தேனை என் நாக்கில் வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வைத்தார்.

பிள்ளைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த முடிவு என்ன என்று கேட்காமல் வீட்டுக்கு வராதீர்கள். அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு மஞ்சள்காமாலை திடீரென்று ஏறும். ஏணை கட்டுவதற்கு டிரங்குப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த பழைய சேலையை எடுக்கிற வீடு நம்முடையது, அந்த வாசனையே ஆகாது. காமாலைக்கு இளவெயிலில் காட்டினால் போதும் என்பதும் வேண்டாம். முகம் மஞ்சள் என்றால் கிளினிக்கில் ரத்தம் பார்க்க வேண்டும், ஏறினால் நீல விளக்கில் வைப்பார்கள்.

இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள். ஈப்போவிலிருந்து வரும்போது சீட் பெல்ட் தையலில் படாமல் இருக்க வயிற்றில் சின்னத் தலையணை. பிள்ளைக்கு 2020இலிருந்து காரில் தனி இருக்கை கட்டாயம், இரவல் வாங்கியாவது மாட்டுங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் புருஷனை இருபதில் ஓட்டச் சொல்லுங்கள்.

இனி வீடு. முதல் தடவை நான் கவிழ்ந்த இடம்.

2019இல் வீட்டுக்கு வந்த மறுநாளே அத்தை காய மருந்து இடித்தார், பூண்டு வதக்கினார், அடுத்த வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பெங்குங் துணி கொண்டுவந்து வயிற்றை இறுக்கிச் சுற்றிவிட்டார். தையல் மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்று. தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர். எழுந்து நடந்தால் காற்று அடிக்கும் என்று பாயை விட்டு இறங்கவிடவில்லை. ஆறாம் நாள் மலச்சிக்கலில் அழுதேன். எட்டாம் நாள் பெங்குங்கை அவிழ்த்தால் துணியில் மஞ்சளா சீழா என்று தெரியாத ஈரம், ஒரு வீச்சம். வீட்டுக்கு வந்த மிஸ்ஸியிடம் "ஓகே, ஓகே" என்று சொல்லி மறைத்தேன். அத்தையைத் திட்டுவார்களே என்ற பயம். அடுத்த தடவை வந்த மிஸ்ஸி கேட்கவே இல்லை, கைலியைத் தளர்த்திப் பார்த்துவிட்டார். தையலில் ஒரு விரல் அகலம் விட்டிருந்தது. மூன்று வாரம் தினமும் கிளினிக்குக்குப் போய்க் கட்டு மாற்றினேன்.

இரண்டாவது தடவை ஏழாம் மாதமே அத்தையோடு உட்கார்ந்து பேசினேன். "அத்தை, உங்க கை மருந்து எனக்கு வேணும். ஆனா தையல் மேல ஒண்ணும் வேணாம்" என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் ஒப்புக்கொண்டார். மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, ஹாருவான் மீன் சூப் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். ஹாருவான் நம் விரால்தான், புண் ஆற்றும் என்று மலாய்க்காரர்கள், சீனர்கள், நாம் எல்லாருமே சாப்பிடுகிறோம். புண் ஆறப் புரதம் வேண்டும், அது அதில் நிறையவே இருக்கிறது. வெந்நீர்க் குளியல், வேறு யாராவது சமைத்துத் துவைத்துப் போடுவது, ராத்திரி பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுப்பது, இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியும் எழுதிக்கொடுக்காத மருந்து.

தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள், வெந்நீராகவே இருக்கட்டும், சண்டை வேண்டாம். பழமும் கீரையும் வேண்டும், முக்கினால் தையல் வலிக்கும். வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும். வயிற்றில் எண்ணெய் தேய்த்து உருவுவது, சூடாக்கிய துங்குக் கல் ஒத்தடம் இரண்டும் ஆறு வாரம் வரை வயிற்றுப் பக்கம் வரக்கூடாது. தையலைச் சுற்றித் தோல் மாதக்கணக்கில் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. கால், தோள், முதுகை உருவிவிடட்டும், சொர்க்கம். இடுப்புக்கட்டு வேண்டுமானால் தளர்வாக, நடக்கும்போது மட்டும். நாட்டு மருந்து உருண்டையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல், அதுவும் ரத்தம் உறையாத ஊசி போடுகிற நாளில், விழுங்காதீர்கள். அப்புறம் அந்தப் பிராந்தி. நம் தோட்டங்களில் உடம்பு சூட்டுக்கு என்று ஒரு மூடி கொடுப்பது வழக்கம். பாலில் கலக்கும், வலி மாத்திரையோடு சேர்ந்து தூக்கம் அழுத்தும், பக்கத்தில் பச்சைப் பிள்ளை. மாமா குடிக்கட்டும்.

தையலுக்குச் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். கட்டு எடுத்த பிறகு தினமும் குளியுங்கள், சோப்புத் தண்ணீர் மேலே வழிந்தால் போதும், தேய்க்க வேண்டாம், சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வயிற்று மடிப்புக்குள் வியர்வை நிற்கும், விசிறிக்கு முன்னால் பத்து நிமிடம் படுத்து உலரவிடுங்கள். உள்ளாடை பருத்தியில், தொப்புள் வரை ஏறுகிற பெரிய அளவு. கைலி முடிச்சு தையல் மேல் விழக்கூடாது, மார்புக்கு மேலே கட்டுங்கள். கரையாத நூல் அல்லது கிளிப் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் கிளினிக்கில் எடுப்பார்கள். எங்கள் நிறத்துக்குத் தழும்பு தடித்து அரிப்பதும் உண்டு.

கீழ்க்கண்டதை என் வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினார், நீங்களும் ஒட்டுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல். தையல் சிவந்து சூடாகி, சீழ், நாற்றம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, பெரிய கட்டி போவது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது. கண் மங்கி, விடாத தலைவலி. இது பிள்ளை பிறந்த பிறகும் ரத்தக் கொதிப்பு ஏறுவதால் வரலாம். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. மூச்சு, நெஞ்சு, பெருக்கெடுக்கும் ரத்தம் என்றால் 999. சாதாரண ரத்தப்போக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை குறைந்துகொண்டே வரும்.

மனசும் உண்டு. மூன்றாம் நான்காம் நாள் காரணம் இல்லாமல் அழுகை வரும், தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், அல்லது 15555க்கு அழையுங்கள். இல்லாததைப் பார்க்கிறாள், ஏதோ குரல் கேட்கிறது என்கிறாள் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. மலாயில் மெரோயான் என்றும் நம்மவர்கள் காத்துக் கருப்பு என்றும் சொல்லி மந்திரித்த கயிறு கட்டுகிறார்கள். கயிறு கட்டட்டும், டாக்டரிடமும் போங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிள்ளையைவிடக் கனமாக எதையும் தூக்காதீர்கள். தண்ணீர் வாளி, கேஸ் தோம்பு, மூத்த பிள்ளை எல்லாம் அதில் அடங்கும். மூத்தவனை மடியில் ஏற நாற்காலி போட்டுக் கொடுத்தேன். மோட்டார் சைக்கிளும் அதுவரை வேண்டாம், சட்டென்று பிரேக் அடிக்க வயிறு ஒத்துழைக்க வேண்டும். 2023 ஜனவரி 1இலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள், அதற்கு முன்னால் 60. ஒரே கம்பெனியில் ஒரு வருஷமாவது வேலை செய்த புருஷனுக்கு 7 நாள் உண்டு. கேட்டு வாங்குங்கள், கிராணியாகச் சொல்கிறேன். பிள்ளை பேரை 60 நாளுக்குள் பதிய வேண்டும். பாரம் கொடுப்பதற்கு முன் பேரின் ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள், பின்னால் திருத்துவது பெரிய அலைச்சல்.

அடுத்த பிள்ளைக்கு ஒன்றரை, இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள். ஒருமுறை ஆபரேஷன் என்றால் எப்போதும் ஆபரேஷன் என்பது இல்லை, சுகப்பிரசவத்துக்கு முயல்கிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு நல்லபடியாக முடிகிறது. ஆனால் 200இல் ஒருவருக்குப் பழைய தையல் உள்ளே விட்டுப்போகலாம் என்பதால் நிபுணரும் ஆபரேஷன் அறையும் உள்ள ஆஸ்பத்திரியில்தான் முயல வேண்டும். எனக்கு இனிப்புநீர், பெரிய பிள்ளை, அதனால் நான் மறுபடி ஆபரேஷனே என்று முடிவெடுத்தேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற கேள்வி பாக்கி. நின்று குளிக்கத் தெம்பு வந்த அன்றே ஊற்றலாம், தையலுக்கும் தலைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அத்தை பதினாறாம் நாள்தான் என்பார், அதற்கு முன்னால் ஈரத்தலையோடு பார்த்தால் சாம்பிராணிச் சட்டியோடு துரத்துவார். நான் நாலாம் நாளே குளியலறையில் ஊற்றிக்கொண்டு, அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது ஹேர் டிரையரில் காயவைத்துவிட்டேன். டிரையர் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது, நாத்தனாரே. சத்தம் கேட்காமல் இருக்கக் கதவுக்கடியில் துண்டு வை.